தாமாகவே அணிவகுக்கும் மூலக்கூறுகள்: சாமுவேல் ஸ்டப்பின் ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாமுவேல் ஸ்டப்பின் குழு செய்த ஆய்வில், தண்டுவடம் அடிபட்டு நடக்க முடியாத சுண்டெலி ஓர் ஊசிக்குப் பிறகு நடந்தது என்ற செய்தி 2021 நவம்பரில் வந்ததிலிருந்து இரண்டு வகை ஆட்கள் என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பக்கம் நான் பாடம் எடுக்கும் வேதியியல் மாணவர்கள், இன்னொரு பக்கம் வீட்டில் யாரோ ஒருவர் வண்டியிலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்து தண்டுவடம் அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வீட்டில் நோயாளி இருக்கிறவர்கள் கடைசி நான்கு கேள்விகளுக்கு நேராகப் போய்விடலாம், வேதியியலை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

யார் சார் இந்த ஸ்டப்? பெரிய நரம்பு டாக்டரா?

டாக்டர் பட்டம் உண்டு, ஆனால் நோயாளியைப் பார்க்கும் டாக்டர் இல்லை. சாமுவேல் ஸ்டப் 1951-ல் கோஸ்டாரிகாவின் தலைநகர் சான் ஹோசேயில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1972-ல் வேதியியல் இளங்கலை முடித்தார், 1977-ல் சிகாகோ பக்கத்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பொருளறிவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். 1980-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் இருபது வருடம் கிட்டத்தட்ட அங்கேயே இருந்துவிட்டு 1999-ல் நார்த்வெஸ்டர்னுக்குத் திரும்பிவிட்டார்.

அங்கே அவருக்கு வேதியியல், பொருளறிவியல், மருத்துவம், உயிர்மருத்துவப் பொறியியல் என்று நான்கு துறையிலும் பேராசிரியர் பதவி. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் கீழே படித்துக்கொண்டு போனால் நான்கும் ஏன் தேவைப்பட்டது என்று புரியும்.

செல்ஃப் அசெம்பிளின்னா என்ன? மூலக்கூறு தானா போய் வரிசையில நிக்குமா, அதுக்கு என்ன மூளையா இருக்கு?

மூளை இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. ஒரு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெய் மாதிரி தண்ணீரோடு ஒட்டாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவற்றைக் கோடிக்கணக்கில் தண்ணீரில் போட்டால், ஒட்டாத முனைகள் எல்லாம் உள்ளே ஒன்றுசேர்ந்து ஒளிந்துகொள்ளும், ஒட்டும் முனைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கும். யாரும் தள்ளிவிடவில்லை. எண்ணெய் முனையைச் சுற்றி நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகள் இஷ்டத்துக்குத் திரும்ப முடியாமல் கட்டுப்பட்டு நிற்க வேண்டியிருக்கிறது, முனைகள் ஒன்றுகூடினால் அந்தத் தண்ணீருக்கு விடுதலை கிடைக்கிறது, அதனால் மொத்தக் கணக்கில் அதுவே லாபமான நிலை. அவ்வளவுதான் சூத்திரம்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் சவ்வும் இப்படித்தான் உருவாகி நிற்கிறது. வைரஸ்கூட அப்படித்தான். புகையிலை மொசைக் வைரஸின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியாகப் பிரித்து, மறுபடி சேர்த்து வைத்தால் தொற்றும் தன்மையுள்ள முழு வைரஸ் தானே உருவாகிறது என்று 1955-லேயே ஃப்ராங்கெல்-கான்ராட்டும் வில்லியம்ஸும் காட்டிவிட்டார்கள்.

சோப்புலயே இது நடக்குதே, அப்ப இவர் புதுசா என்ன பண்ணாரு?

நல்ல கேள்வி, மாணவர்களில் கொஞ்சம் யோசிக்கிறவர்கள் கட்டாயம் இதைக் கேட்பார்கள். சோப்பு பெரும்பாலும் சின்ன உருண்டையாகத்தான் கூடும். உருண்டையாகுமா, உருளையாகுமா, தட்டையான படலமாகுமா என்பது அந்த மூலக்கூறின் தலை எவ்வளவு பெரிது, வால் எவ்வளவு தடிமன் என்கிற வடிவக் கணக்கைப் பொறுத்தது. ஸ்டப்பின் குழு சோப்பின் தலை இருக்கும் இடத்தில் ஒரு பெப்டைடைப் பொருத்தியது, அதாவது நாலைந்திலிருந்து பதினைந்து வரை அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. அமினோ அமிலங்கள் பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொள்ளும் குணம் உள்ளவை, அந்தப் பிணைப்பு ஒரே திசையில் அடுக்கிக்கொண்டே போவதால் உருண்டைக்குப் பதிலாக நீளமான இழை கிடைத்தது. குறுக்களவு ஏழெட்டு நானோமீட்டர், நீளமோ ஆயிரக்கணக்கில்.

மூலக்கூறுக்கு நான்கு பகுதி. உள்ளே போய் ஒளியும் வால், பெரும்பாலும் 16 கார்பன் உள்ள பால்மிட்டிக் அமிலம் (ரேஷன் பாமாயிலில் நிறைய இருக்கிறதே, அதே அமிலம்தான்). அடுத்து, பக்கத்து மூலக்கூறோடு பிணைந்து இழையாக நீள வைக்கும் துண்டு. மூன்றாவது, மின்சுமை உள்ள அமினோ அமிலங்கள், தண்ணீரில் கரைவதற்காக. நான்காவதாக நுனியில், செல்லோடு பேசும் சமிக்ஞைத் துண்டு. இழை உருவானதும் அந்தச் சமிக்ஞைகள் எல்லாம் வெளிப்பரப்பில் நெருக்கமாக வந்து நிற்கும். சோப்பால் செய்ய முடியாதது அதுதான்.

பெப்டைடுன்னா ஜிம்முல குடிக்கிற புரதப் பவுடரா?

இல்லை. அமினோ அமிலங்கள் என்ற வரையில் உறவு, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

2001-ல ஒரு கட்டுரை பெரிசா பேசுறாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

எலும்பு. நம் எலும்பை நுண்ணோக்கியில் மேலும் மேலும் பெரிதாக்கிப் பார்த்தால் கடைசியில் கொலாஜன் இழைகளும், அவற்றோடு ஒட்டி வளர்ந்த கால்சியம் பாஸ்பேட் படிகங்களும் தெரியும். அந்தப் படிகங்கள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை, அவற்றின் நீள அச்சு இழையின் திசையிலேயே படுத்திருக்கும். எலும்பின் உறுதிக்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம். செயற்கையாக ஓர் இழையைச் செய்து அதன்மேல் படிகத்தை அதே திசையில் வளர வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

ஜெஃப்ரி ஹார்ட்கெரிங்க், எலியா பெனியாஷ், ஸ்டப் மூவரும் 2001-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது இதைத்தான். பால்மிட்டிக் வாலுக்கு அடுத்து நான்கு சிஸ்டீன், பிறகு வளைந்து கொடுக்க மூன்று கிளைசீன், பிறகு பாஸ்பேட் ஏற்றிய ஒரு செரீன், நுனியில் செல்கள் பிடித்துக்கொள்ளும் ஆர்-ஜி-டி என்ற மூன்றெழுத்துத் துண்டு. காரத்தில் கரைந்திருக்கும், அமிலத்தன்மையைக் கூட்டினால் இழையாகித் திரளும், மறுபடி காரம் சேர்த்தால் கரைந்துவிடும். இழையான பிறகு ஆக்சிஜனேற்றம் செய்தால் சிஸ்டீன்களின் கந்தகங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், அப்புறம் எளிதில் பிரியாது. இதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் விட்டபோது படிகங்கள் இழையின் நீள வாக்கிலேயே வளர்ந்தன. பாஸ்பேட் ஏற்றிய அந்தச் செரீன் வீணாக அங்கே வைக்கப்பட்டதல்ல, கால்சியத்தை முதலில் பிடித்து இழுப்பதற்காகத்தான்.

எனக்கு இந்தக் கட்டுரையில் பிடித்தது, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பது. மாணவர்களுக்கு வடிவமைப்பு என்றால் என்ன என்று காட்ட இன்றுவரை இதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

ஆய்வகத்துல இதை எப்படிச் செய்வாங்க? பெரிய மெஷின் வேணுமா?

மெஷின் இருந்தால் நல்லது, இல்லாமலும் கையால் செய்யலாம், செய்கிறார்கள். 1963-ல் மெரிஃபீல்டு கண்டுபிடித்த திண்ம நிலைத் தொகுப்பு முறைதான் (அதற்காக 1984-ல் அவருக்கு நோபல்). மணல் மாதிரி இருக்கும் பிசின் மணிகளின்மேல் முதல் அமினோ அமிலத்தை ஒட்டவைத்து, அதன் தலையில் இருக்கும் காப்பை (வேண்டாத வினை நடக்காமல் தடுக்கும் மூடி) நீக்கி, அடுத்ததைச் சேர்த்து, கழுவி, மறுபடி காப்பு நீக்கி, மறுபடி சேர்த்து என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் எல்லா மணியிலும் ஒட்டியதா என்று பார்க்க நின்ஹைட்ரின் சோதனை உண்டு. நாலைந்து மணியை எடுத்துச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினால், இன்னும் ஒட்டாத அமீன் மிச்சம் இருந்தால் மணிகள் நீலமாகிவிடும். மஞ்சளாகவே இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். நீலம் வந்தால் அதே படியைத் திரும்பச் செய்ய வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தாலும் அதேதான்.

கடைசியில் பால்மிட்டிக் வாலை ஒட்டி, டிரைஃப்ளுரோஅசிட்டிக் அமிலத்தில் ஊறவைத்துப் பிசினிலிருந்து வெட்டி, குளிர்ந்த ஈதரில் ஊற்றினால் வெள்ளையாக வீழ்படியும். அதைச் சுத்திகரிப்பதுதான் பாடு, ஏனென்றால் இந்த மூலக்கூறுகள் கூடிக் கட்டிக்கொள்வதற்காகவே பிறந்தவை, சுத்திகரிக்கும் குழாயின் உள்ளேயும் அதையே செய்யப் பார்க்கும். உறையவைத்து உலர்த்தினால் பஞ்சு மாதிரி பொடி. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு தண்ணீரில் கரைத்து, கால்சியம் குளோரைடு கரைசல் சேர்த்து, சின்ன கண்ணாடிக் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். கீழே வடியாமல் மேலேயே நின்றால் ஜெல் ஆகிவிட்டது. 99 சதவீதம் தண்ணீர்தான், ஆனால் விழாது. இவ்வளவு விலையுயர்ந்த துறையில் முதல் சோதனை குப்பியைக் கவிழ்ப்பதுதான்.

இந்த ஐடியாவை முதல்ல கண்டுபிடிச்சதே இவர்தானா?

இல்லை, அவரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. எம்.ஐ.டி.யில் ஷுகுவாங் ஜாங் ஈஸ்ட்டில் இருக்கும் ஜூவோட்டின் என்ற புரதத்தை ஆராயும்போது, அதில் திரும்பத் திரும்ப வரும் 16 அமினோ அமிலத் துண்டு உப்புக் கரைசலில் தானே சவ்வாகப் படிவதைக் கவனித்து 1993-ல் வெளியிட்டார். அதே 1993-ல் ரெஸா காதிரி வளைய வடிவப் பெப்டைடுகள் அடுக்கிக் குழாயாவதைக் காட்டினார். பிரிட்டனின் லீட்ஸில் அமாலியா அகெலி 1997-ல், இஸ்ரேலில் எஹூத் காசித் 2003-ல் என்று வரிசை நீளும். வால் வைத்த பெப்டைடை இழையாக்கி, அதன் வெளிப்பரப்பில் சமிக்ஞையை வரிசைப்படுத்தி, அதை மருத்துவம் வரை இழுத்துக்கொண்டு போனதுதான் ஸ்டப்பின் தனிக்கணக்கு.

நம் ஊருக்கும் இதில் நிஜமான ஒரு தொடர்பு உண்டு. தானாக அணிவகுக்கும் பொருட்களில் ஒன்று கொலாஜன், அது மூன்று சங்கிலி முறுக்கிய கயிறு என்ற கட்டமைப்பை 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து முன்வைத்தவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மேலே சொன்ன 2001 கட்டுரையின் முதல் ஆசிரியர் ஹார்ட்கெரிங்க் பின்னாளில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் தன் சொந்தக் குழுவை அமைத்து, 2011-ல் அதே மும்முறுக்கை சின்னப் பெப்டைடுகளிலிருந்து தானே கட்டவைத்து, இழையாக்கி, ஜெல்லாக்கிக் காட்டினார்.

எலும்பு, நரம்பு, குருத்தெலும்பு, ரோபோன்னு ஒருத்தரே தாவிக்கிட்டு இருந்தா எதுலயும் ஆழம் இருக்காதே?

வெளியே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். 1992-ல் எலும்புக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கரிமச் சேர்மம் கலந்த அபடைட் (எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் தாது) பற்றி எழுதுகிறார். 1997-ல் மருத்துவமே இல்லாத ஒன்று: காளான் வடிவில் கூடும் மூலக்கூறுக் கொத்துகள் ஒரே திசை பார்த்து அடுக்கி, ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் ஒட்டாத படலமாக ஆகின்றன. 2001-ல் எலும்பு இழை, 2004-ல் நரம்பு, 2010-ல் முயலின் குருத்தெலும்பு, 2020-ல் ஒளி பட்டால் நகரும் ஜெல், 2021-ல் தண்டுவடம், 2024-ல் ஆட்டின் மூட்டு.

ஆனால் கேள்வி ஒன்றேதான்: மூலக்கூறுகள் எப்படிக் கூடி நிற்கின்றன என்பதை மாற்றினால் பொருள் என்ன செய்யும்? மூலக்கூறு அதே, கூடும் விதம் வேறு என்றால் விளைவும் வேறு. நாற்பது வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், பதில் எலும்பில் கிடைக்கிறதா நரம்பில் கிடைக்கிறதா என்பது கூட்டாளி யார் என்பதைப் பொறுத்தது. என் பார்வையில் ஒரே உறுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் 2021 வந்தே இருக்காது.

நூடுல்ஸ் செஞ்சாங்கன்னு எங்கயோ படிச்சேன், விளையாட்டா?

விளையாட்டில்லை, அவர்களே அப்படித்தான் அழைக்கிறார்கள். கரைசலை 80 டிகிரி வரை சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் இழைகள் கூட்டம் கூட்டமாக அடுக்கிக்கொள்ளும். அதைப் பிப்பெட்டில் எடுத்து உப்புக் கரைசலுக்குள் இழுத்தபடியே விட்டால், இடியாப்பம் பிழிந்த மாதிரி நீளச் சரடாக நின்றுவிடும், உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான நானோ இழைகளும் சரடின் திசையிலேயே படுத்திருக்கும். செல்களை முன்பே கலந்திருந்தால் அவையும் அந்தத் திசையிலேயே நீள்கின்றன. 2010-ல் வெளியானது. நரம்பும் தசையும் ஒரே திசையில் ஓடுபவை என்பதால் இதற்கு மதிப்பு. இதில் எனக்கு ஆச்சரியம், மூலக்கூறை மாற்றவே இல்லை, சூடாக்கி ஆறவைத்ததுதான் வித்தியாசம்.

நரம்புக்கு அந்த ஜெல் என்ன சொல்லுது? ஏதோ ஐ-கே-வி-ஏ-வின்னு எழுதியிருந்தாங்க.

லேமினின் என்று ஒரு புரதம், செல்களுக்கு வெளியே இருக்கும் பின்னலில் உண்டு, நரம்பு செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு வளரும். அந்தப் பெரிய புரதத்தில் ஐந்து அமினோ அமிலம் மட்டுமே உள்ள ஒரு துண்டுக்கு (ஐசோலியூசின், லைசின், வாலின், அலனின், வாலின்) அந்த வேலையைச் செய்யும் திறன் இருக்கிறது, அதன் எழுத்துகள்தான் நீங்கள் படித்தது. 2004-ல் இந்தத் துண்டை இழையின் நுனியில் வைத்து, நரம்பு முன்னோடி செல்களை அந்த ஜெல்லுக்குள் வளர்த்தார்கள். அவை வேகமாக நரம்பு செல்களாக மாறின, தழும்பு உண்டாக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளாக மாறியவை மிகக் குறைவு. சமிக்ஞை இழையின் பரப்பில் அவ்வளவு நெருக்கமாக நிற்பதுதான் காரணம் என்று காட்டினார்கள். 2008-ல் இதையே தண்டுவடம் அடிபட்ட சுண்டெலிகளில் ஊசியாகச் செலுத்திப் பார்த்தார்கள், ஜான் கெஸ்லர் என்ற நரம்பியலாளரின் குழுவோடு சேர்ந்து. தழும்பு குறைந்தது, நரம்பிழைகள் காயத்தைத் தாண்டி வளர்ந்தன.

ஊசிக் குழாயில் தண்ணீர் மாதிரி இருப்பது உள்ளே போனதும் எப்படி ஜெல் ஆகிறது என்றும் சிலர் கேட்கிறார்கள். குப்பியில் கால்சியம் குளோரைடு செய்த வேலையை உடம்பில் திசுவின் உப்புகளே செய்துவிடும்.

2021-ல "நடனமாடும் மூலக்கூறுகள்"னு சொன்னாங்களே, நிஜமாவே ஆடுதா?

மூலக்கூறு எதுவும் சும்மா இருப்பதில்லை. இங்கே ஆட்டம் என்று சொல்வது, இழைக்குள் நிற்கும் ஒவ்வொரு மூலக்கூறும் எவ்வளவு நெளிகிறது, எட்டிப் பார்க்கிறது, சில நேரம் வெளியே வந்துவிட்டு உள்ளே போகிறது என்பது. முன்பு சொன்ன நான்கு பகுதிகளில் இரண்டாவது, பக்கத்தோடு பிணையும் துண்டு, அதை மட்டும் மாற்றினார்கள். பிணைப்பு இறுக்கமாக இருந்தால் மூலக்கூறுகள் அசையாமல் நிற்கும், தளர்வாக இருந்தால் அதிகம் அசையும். நுனியில் இருக்கும் சமிக்ஞையில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

இரண்டு சமிக்ஞை: ஒன்று மேலே சொன்ன லேமினின் துண்டு, இன்னொன்று எஃப்.ஜி.எஃப்.-2 என்ற வளர்ச்சிக் காரணியைப் போலச் செயல்படும் துண்டு. சுண்டெலிகளுக்குத் தண்டுவடத்தில் கடுமையான காயம், 24 மணி நேரம் கழித்து ஒரே ஓர் ஊசி. நான்கு வாரத்தில் நடந்தன. நரம்பிழைகள் வளர்ந்தன, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை திரும்ப வந்தது, இரத்தக் குழாய்கள் உருவாயின, தழும்பு குறைந்தது, இயக்க நரம்பு செல்கள் அதிகம் பிழைத்தன. கவனிக்க வேண்டியது இதுதான்: அதே சமிக்ஞை உள்ள, ஆனால் ஆட்டம் குறைந்த இழைகள் இவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை. முதல் ஆசிரியர் சைதா ஆல்வாரெஸ்.

ஆட்டம் கூடினா ஏன் நல்லது? அசையாம நின்னாத்தானே செல்லு பிடிச்சுக்க வசதி?

எல்லாரும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள், 2004 கட்டுரையின் தர்க்கமும் நெருக்கம்தான். ஆனால் செல்லின் மேல் இருந்து சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் ஓரிடத்தில் நிற்பவை இல்லை, சவ்வில் மிதந்து நகர்ந்துகொண்டே இருப்பவை. நகரும் ஏற்பியை விறைத்து நிற்கும் சமிக்ஞையைவிட அசையும் சமிக்ஞை அதிகம் சந்திக்கும் என்பது அவர்கள் தரும் விளக்கம். அதே குழு 2024-ல் மனிதக் குருத்தெலும்பு செல்களிலும் ஆட்டம் கூடினால் விளைவு கூடுவதைக் காட்டியது, அதனால் இது தண்டுவடத்துக்கு மட்டுமான சங்கதி இல்லை என்று தோன்றுகிறது.

புரதத் துண்டு கூடி இழையாவதுதானே அல்சைமர் நோய்? அதையே ஊசி போட்டு ஏத்துறீங்களா?

இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். உறவு இருப்பது உண்மை, அல்சைமர் மூளையில் படியும் அமைலாய்டு இழைகளிலும் இதே மாதிரி ஹைட்ரஜன் பிணைப்பு அடுக்குதான். எஹூத் காசித் 2003-ல் நானோ குழாய் செய்த இரண்டு அமினோ அமிலத் துண்டே அல்சைமர் புரதத்தின் நடுப்பகுதியிலிருந்து எடுத்ததுதான்.

வேறுபாடு இறுக்கத்தில். அமைலாய்டு இறுகிப் போய் நொதிகளுக்குக்கூட மசியாமல் கிடக்கும். ஸ்டப்பின் இழைகளில் பிணைப்பைத் தளர்த்தலாம், முந்தைய இரண்டு பதில்களில் சொன்னபடி தளர்த்தியதுதான் நன்றாக வேலை செய்தது, நொதிகளும் சிதைத்துவிடுகின்றன. அதற்காகக் கவலையே வேண்டாம் என்று அர்த்தமில்லை, மனிதர்களுக்குப் போகும் முன் பாதுகாப்புச் சோதனையில் தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

நானோன்னாலே பயமா இருக்கு. உள்ளயே தங்கிடாதா?

சுண்டெலி ஆய்வில் 12 வாரத்துக்குள் சிதைந்து போய்விட்டது. மிஞ்சுவது அமினோ அமிலமும் கொழுப்பு அமிலமும், இரண்டும் உடம்புக்குத் தெரிந்தவை.

எல்லாம் ஆராய்ச்சியாவே இருக்கே, இந்த மாதிரி ஒண்ணாவது மனுஷனுக்கு வந்திருக்கா?

வந்திருக்கிறது, ஸ்டப்பின் மூலக்கூறுகள் அல்ல, அவற்றுக்கு உறவுமுறையான வேறு மூலக்கூறுகள். ஷுகுவாங் ஜாங் வழிவந்த ஆர்ஏடிஏ16 என்ற பெப்டைடு 'ப்யூராஸ்டாட்' என்ற பெயரில் ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா மூன்றிலும் எண்டோஸ்கோப்பி செய்யும்போது இரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படுகிறது. லீட்ஸில் உருவான பி11-4 பெப்டைடு, ஆரம்பநிலைப் பல் சொத்தையில் தாது திரும்பப் படிய 'க்யூரோடாண்ட்' என்று விற்கிறது.

மூன்றாவது உதாரணம் இன்னும் சுவாரசியம். அக்ரோமெகாலி என்ற ஹார்மோன் நோய்க்குத் தரும் லான்ரியோடைடு எட்டு அமினோ அமில மருந்து. தண்ணீரில் தானே நானோ குழாய்களாகக் கூடி ஜெல்லாகி நிற்கிறது, அதனால்தான் தோலுக்கடியில் ஒரு முறை போட்டால் நான்கு வாரம் மெதுவாகக் கசிகிறது. போட்டுக்கொள்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. இதுல போகணும்னா பயோடெக் மாறணுமா?

மாற வேண்டாம் என்பதுதான் என் யோசனை, ஸ்டப்பே வேதியியலில் தொடங்கியவர். கரிம வேதியியலையும் இயற்பிய வேதியியலையும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், குறிப்பாக வெப்ப இயக்கவியல், எல்லாரும் வெறுக்கும் பாடம் அது, ஆனால் இரண்டாவது பதிலில் சொன்ன தண்ணீர்க் கணக்கு முழுக்க அதுதான். முதுகலைக்கு ஜாம் தேர்வு, பிறகு நெட் அல்லது கேட். உயிரியலை முனைவர் பட்டத்தின்போது கற்றுக்கொள்ளலாம், செல் வளர்ப்பு கையால் பழகுவது. மூலக்கூறு செய்யத் தெரியாத உயிரியலாளர் வேதியியலுக்குத் திரும்பி வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்று, பொறுமை. நீல மணிகளைப் பற்றி மேலே எழுதியது சும்மா இல்லை.

2008-லயும் எலி, 2021-லயும் எலி. இருபது வருஷமா இதையே சொல்லி நிதி வாங்குறாங்களா?

கோபம் புரிகிறது. ஆனால் இரண்டும் ஒரே எலி ஆய்வு இல்லை. 2008-ல் இருந்தது ஒரு சமிக்ஞை, ஆட்டம் பற்றிய எண்ணமே இல்லை. 2021-ல் இரண்டு சமிக்ஞை, ஆட்டமும் கணக்கில் வந்தது. நடுவில் இருந்த வருடங்கள் பெரும்பாலும் இழைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதிலேயே போயிருக்கின்றன. சுண்டெலியின் தண்டுவடம் சில மில்லிமீட்டர் தடிமன், நரம்பு வளர வேண்டிய தூரமும் கொஞ்சம், மனிதனுக்கு அப்படி இல்லை. குருத்தெலும்பில் முயலிலிருந்து செம்மறி ஆட்டுக்குப் போகவே 2010-லிருந்து 2024 ஆனது. ஆட்டின் கால்மூட்டு பாரம் தாங்கும் விதத்தில் மனித மூட்டுக்கு நெருக்கம், ஆறு மாதத்தில் புதுக் குருத்தெலும்பு வளர்ந்தது. அந்த மாதிரிப் படி தண்டுவடத்துக்கும் வேண்டும்.

அமெரிக்காவுல அனுமதி கிடைச்சாச்சுன்னு வாட்ஸாப்ல வந்துச்சே?

கிடைத்தது அனுமதி இல்லை. தண்டுவடச் சிகிச்சையை முன்னெடுக்கும் ஆம்ஃபிக்ஸ் பயோ என்ற நிறுவனத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் 'ஆர்ஃபன் டிரக்' தகுதி கொடுத்தது. அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் குறைவானவர்களைப் பாதிக்கும் நோய்க்கு மருந்து தேடுபவர்களுக்கு வரிச்சலுகையும், பின்னால் ஒருவேளை மருந்து அங்கீகரிக்கப்பட்டால் ஏழு வருடத் தனிவிற்பனை உரிமையும் தரும் ஏற்பாடு அது. மருந்து மனிதருக்கு வேலை செய்கிறது என்ற சான்றிதழ் கிடையாது. அந்தச் செய்தியை அனுப்பியவரிடம், "எந்தக் கட்டச் சோதனை முடிந்தது?" என்று மட்டும் கேளுங்கள்.

எங்கப்பாவுக்கு அடிபட்டு மூணு வருஷம் ஆச்சு. இந்த ஊசி கிடைச்சா நடப்பாரா?

இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்வது நியாயமில்லை. அந்த ஆய்வில் ஊசி போட்டது காயம் பட்டு 24 மணி நேரத்தில். அது புதுக் காயம், தழும்பு கட்டுவதற்கு முன்பு. மூன்று வருடமானால் அங்கே தழும்பு கெட்டியாகியிருக்கும், துண்டிக்கப்பட்ட நரம்பிழைகள் பின்வாங்கியிருக்கும். பழைய காயத்துக்கும் உதவும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, அதைச் சோதிக்கவுமில்லை. மருந்து வந்தாலும் முதலில் புதுக் காயத்துக்குத்தான் வரும்.

இப்போது அப்பாவுக்குச் செய்ய வேண்டியது படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர்த் தொற்றைக் கவனிப்பது, பிசியோதெரபியை நிறுத்தாமல் இருப்பது. தண்டுவடம் அடிபட்டவர்களின் உயிருக்கு ஆபத்து பல நேரங்களில் அந்தப் புண்ணிலிருந்தும் தொற்றிலிருந்தும் வருகிறது. நிலத்தை விற்று வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக யாராவது சொன்னால், என்ன மருந்து, எந்தச் சோதனையின் கீழ், யார் அனுமதித்தது என்று எழுத்தில் வாங்குங்கள். முறையான மருத்துவச் சோதனையில் சேர்பவரிடம் மருந்துக்குப் பணம் கேட்பதும் வழக்கமில்லை.

அந்த ஐந்தெழுத்துப் பெப்டைடை ஆன்லைன்ல விக்கிறாங்களே, வாங்கி டாக்டர்கிட்ட கொடுத்து போடச் சொல்லலாமா?

கூடாது. விற்பது ஆய்வகத்துக்கான பொடி, டப்பாவிலேயே ஆராய்ச்சிக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். கிருமி நீக்கம் செய்ததில்லை, பாக்டீரியா நச்சு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்ததில்லை, அப்படிப்பட்டதைத் தண்டுவடத்துக்குள் செலுத்தினால் மூளைக்காய்ச்சல் வரை போகும்.

அதோடு அது அந்த மருந்தே இல்லை. வெறும் ஐந்து அமினோ அமிலத்துக்கு பால்மிட்டிக் வால் கிடையாது, பிணையும் துண்டு கிடையாது, மின்சுமைத் துண்டு கிடையாது, இரண்டாவது சமிக்ஞையும் கிடையாது. அந்த ஐந்தைக் கரைத்தால் கரைந்து போகும், இந்த இழை வராது, ஜெல் வராது, ஆட்டம் வராது. மூன்றாவது கேள்விக்கான பதிலை ஒரு தடவை திரும்பப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள், போடச் சொல்லிக் கேட்டு எந்த டாக்டராவது சரி என்றால் டாக்டரையும் மாற்றிவிடுங்கள்.